வேலூர்–ஆம்பூர் தோல் தொழிற்பகுதியில் மின்சாரச் செலவு

வேலூர்–ஆம்பூர் தோல் தொழிற்பகுதி என்பது தமிழ்நாட்டின் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி முதல் இராணிப்பேட்டை வரை பரவியுள்ள, தோல் பதனிடுதலையும் காலணி உற்பத்தியையும் முதன்மைத் தொழில்களாகக் கொண்ட பகுதியாகும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். 2019 ஆம் ஆண்டு வரை இவை அனைத்தும் வேலூர் மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், மேல்விசாரம் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் சேர்க்கப்பட்டன. பேரணாம்பட்டு வேலூர் மாவட்டத்திலேயே தொடர்கிறது.

சூரிய ஒளி, காற்று ஆகிய புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலங்களிலிருந்து பெறப்படும் மின்சாரத்துக்கும், நிலக்கரி, டீசல் ஆகிய புதைபடிவ எரிபொருள்களிலிருந்து பெறப்படும் மின்சாரத்துக்கும் இடையிலான செலவு வேறுபாடு இப்பகுதிக்கு மிக முக்கியமானது. இங்கு மின்சாரம் ஆலைகளை இயக்குவதற்கு மட்டுமன்றி, அவற்றின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்துவதற்கும் பெருமளவில் தேவைப்படுகிறது. எனவே மின்கட்டணம் உயரும்போது பாலாற்றைக் காப்பதற்கான செலவும் உயர்கிறது.

மின்சாரத் தேவையின் தன்மை

ஒரு கிலோகிராம் பச்சைத் தோலைப் பதனிட ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகிறது. இந்நீர் உப்பு, சுண்ணாம்பு, குரோமியம், கரிமப் பொருள்கள் ஆகியவற்றுடன் கழிவாக வெளியேறுகிறது. பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீரும் விளைநிலமும் இக்கழிவால் பாழானதைத் தொடர்ந்து, வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில், முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்துபவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக ஏற்கப்பட்டன. ஆலைகள் தனியாகவோ கூட்டாகவோ சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது கட்டாயமாயிற்று.

பின்னர் கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாமை என்னும் முறை நடைமுறைக்கு வந்தது. இம்முறையில் கழிவுநீர் முதலில் காற்றூட்டப்பட்டு நுண்ணுயிர்களால் தூய்மையாக்கப்படுகிறது. அடுத்து உயர் அழுத்தத்தில் எதிர் சவ்வூடு பரவல் மூலம் நன்னீர் பிரிக்கப்படுகிறது. எஞ்சும் உப்புக் கரைசல் பல கட்ட ஆவியாக்கிகளில் வற்ற வைக்கப்படுகிறது. காற்றூதிகள், உயர் அழுத்த எக்கிகள், ஆவியாக்கிகளின் சுழற்சி எக்கிகள் ஆகியவை அனைத்தும் மின்சாரத்தால் இயங்குபவை. நுண்ணுயிர்களுக்கு ஆக்சிசன் இடைவிடாது தேவைப்படுவதால் காற்றூதிகளை இரவில் நிறுத்த இயலாது.

இப்பகுதியின் மின் தேவையை நேர அடிப்படையில் இரண்டாகப் பிரிக்கலாம்.

1. பகல் தேவை: காலணி, கையுறை, தோற்பொருள் தொழிற்சாலைகளின் தையல் இயந்திரங்கள், வெட்டும் இயந்திரங்கள், விளக்குகள். இவை பெரும்பாலும் பகல் வேலை நேரத்தில் இயங்குகின்றன.
2. இரவும் பகலுமான தேவை: பதனிடும் ஆலைகளின் சுழலும் உருளைகள் (டிரம்), பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள்.

எந்த மின்சாரம் மலிவானது என்ற கேள்விக்கு இவ்விரு தேவைகளுக்கும் ஒரே விடை கிடைப்பதில்லை.

செலவைக் கணக்கிடும் முறை

வெவ்வேறு வகை மின் நிலையங்களை ஒப்பிடச் சமப்படுத்தப்பட்ட மின்னுற்பத்திச் செலவு என்னும் அளவு பயன்படுத்தப்படுகிறது. மின் நிலையத்தின் ஆயுட்காலம் முழுவதற்குமான முதலீடு, வட்டி, எரிபொருள், பராமரிப்பு ஆகிய செலவுகளை, அந்நிலையம் உற்பத்தி செய்யும் மொத்த மின்சாரத்தால் வகுத்துப் பெறப்படும் தொகை இதுவாகும். எதிர்காலச் செலவும் உற்பத்தியும் இன்றைய மதிப்புக்கு மாற்றப்பட்ட பின்னரே வகுக்கப்படும். இது ஓர் அலகு (யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி) மின்சாரத்துக்கு இத்தனை ரூபாய் எனக் குறிப்பிடப்படுகிறது.

சூரிய மின்சாரம்

சூரிய மின் நிலையத்துக்கு எரிபொருள் தேவையில்லை. ஏறத்தாழ முழுச் செலவும் தொடக்கத்திலேயே செய்யப்படுவதால், கடனுக்கான வட்டியே அலகுச் செலவைப் பெரிதும் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டாக, தொழிற்சாலைக் கூரை ஒன்றில் ஒரு கிலோவாட்டுக்கு 45,000 ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 500 ரூபாய் பராமரிப்பு, ஆண்டுக்கு 1,450 அலகுகள் உற்பத்தி, 25 ஆண்டுகள் ஆயுள் எனக் கொண்டால், அலகுச் செலவு பின்வருமாறு அமையும்.

வட்டி 6 விழுக்காடு: சுமார் 2.77 ரூபாய்
வட்டி 10 விழுக்காடு: சுமார் 3.76 ரூபாய்
வட்டி 14 விழுக்காடு: சுமார் 4.86 ரூபாய்

தகடும் வெயிலும் ஒன்றாக இருந்தும், வட்டி மட்டும் மாறுவதால் செலவு முக்கால் மடங்கு கூடுகிறது. குறைந்த வட்டிக்குக் கடன் பெறும் பெரிய ஏற்றுமதி நிறுவனத்துக்கும், கூலிக்குத் தோல் பதனிட்டுத் தரும் சிறு ஆலைக்கும் சூரிய மின்சாரத்தின் விலை ஒன்றாக இல்லாததற்கு இதுவே காரணம்.

வேலூர் கடும் வெயிலுக்குப் பெயர் பெற்ற ஊராயினும், வெப்பம் சூரிய மின்தகட்டுக்கு நன்மை செய்வதில்லை. படிகச் சிலிக்கான் தகட்டின் திறன், 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைகிறது. கோடை நண்பகலில் தகட்டின் வெப்பநிலை 65 பாகையை எட்டினால் திறன் சுமார் 16 விழுக்காடு குறையும். மின்னாக்கத்துக்கு வேண்டுவது ஒளியே, வெப்பமன்று.

நிலக்கரி மின்சாரம்

அனல் மின் நிலையத்தின் செலவு நிலைச் செலவு, மாறும் செலவு என இரு பகுதிகளைக் கொண்டது. முதலீடு, வட்டி, ஊழியர் சம்பளம் ஆகியவை நிலைச் செலவு. நிலக்கரியின் விலை மாறும் செலவு. ஓர் அலகு மின்சாரத்துக்கு இந்திய நிலக்கரி ஏறத்தாழ 0.7 கிலோகிராம் தேவைப்படுகிறது. நிலக்கரி, நிலையத்தை வந்தடையும்போது டன்னுக்கு 5,000 ரூபாய் எனக் கொண்டால் எரிபொருள் செலவு மட்டும் 3.50 ரூபாய் ஆகும்.

தமிழ்நாட்டில் பழுப்பு நிலக்கரி நெய்வேலியில் கிடைக்கிறது. ஆனால் எண்ணூரை அடுத்த வடசென்னை, தூத்துக்குடி அனல் மின் நிலையங்களுக்கான கருநிலக்கரி, ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து தொடர்வண்டியில் பாரதீப் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கப்பலிலும் கொண்டுவரப்படுகிறது. எனவே சுரங்க வாயிலில் அமைந்த நிலையத்தைவிட இங்கு எரிபொருள் செலவு கூடுதலாகும்.

நிலைச் செலவு, நிலையம் எவ்வளவு நேரம் இயங்குகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மெகாவாட்டுக்கு 8 கோடி ரூபாய் முதலீடு, 10 விழுக்காடு வட்டி, ஆண்டுக்கு 20 இலட்சம் ரூபாய் இயக்கச் செலவு எனக் கொண்டால், புதிய நிலையம் ஒன்று தன் திறனில் 70 விழுக்காடு இயங்கும்போது நிலைச் செலவு அலகுக்குச் சுமார் 1.90 ரூபாய் ஆகும். 50 விழுக்காடு மட்டும் இயங்கினால் அது 2.65 ரூபாயாக உயரும். எரிபொருளையும் சேர்த்தால் மொத்தச் செலவு முறையே 5.40 ரூபாய், 6.15 ரூபாய் ஆகும். பகலில் சூரிய மின்சாரம் மிகுந்து அனல் நிலையங்கள் தம் உற்பத்தியைக் குறைக்கும்போது, அவற்றின் அலகுச் செலவு கூடுவது இதனாலேயே ஆகும்.

விலை வரலாறு

காற்றாலை

இந்தியாவின் தொடக்ககாலக் காற்றாலைகளுள் சில 1986 ஆம் ஆண்டு தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நிறுவப்பட்டன. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பகுதி பெரும் காற்றாலை மையமாக வளர்ந்தது. நீண்ட காலம் காற்றாலை மின்சாரத்தின் விலையை ஒழுங்குமுறை ஆணையமே நிர்ணயித்தது. 2017 பிப்ரவரியில் நடந்த முதல் தேசிய ஏலத்தில் விலை அலகுக்கு 3.46 ரூபாயாகவும், அதே ஆண்டு திசம்பரில் குசராத்து மாநில ஏலத்தில் 2.43 ரூபாயாகவும் குறைந்தது.

பாலாற்றுப் பள்ளத்தாக்கில் காற்றாலைக்குப் போதிய காற்று வீசுவதில்லை. ஆயினும் ஓர் ஆலை தென் மாவட்டங்களில் காற்றாலை நிறுவி, அதன் மின்சாரத்தை மாநில மின்தொடர் வழியாகத் தன் ஊரில் பெற்றுக்கொள்ளலாம். கொங்கு மண்டல நூற்பாலைகள் இம்முறையைப் பரவலாகக் கையாண்டன. காற்று மிகும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களின் உபரியைக் கணக்கில் சேர்த்து வைத்து, மற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ளும் வசதி இதற்குத் துணையாயிற்று. 2018 மார்ச்சு 31 க்குப் பின் இயக்கப்பட்ட காற்றாலைகளுக்கு ஓராண்டுச் சேமிப்பு வசதி இல்லை. எனவே புதிதாக முதலிடுவோருக்குக் காற்றாலையின் பயன் முன்பைவிடக் குறைவு.

சூரிய ஒளி

2010 சனவரியில் தொடங்கப்பட்ட தேசியச் சூரிய ஆற்றல் இயக்கத்தின் முதல் ஏலத்தில், அவ்வாண்டின் இறுதியில், மிகக் குறைந்த விலை அலகுக்கு 10.95 ரூபாயாக இருந்தது. தமிழ்நாட்டில் 2014 ஆம் ஆண்டு 7.01 ரூபாய் என விலை நிர்ணயிக்கப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 648 மெகாவாட்டு நிலையம் இவ்விலையில் ஒப்பந்தமானது. 2017 மே மாதம் இராசத்தானின் பாட்லாவில் 2.44 ரூபாயும், 2020 திசம்பரில் குசராத்தில் 1.99 ரூபாயும் ஏல விலைகளாகக் கிடைத்தன. பத்து ஆண்டுகளில் விலை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைந்தது.

உலக அளவிலும் இதே போக்குக் காணப்படுகிறது. பன்னாட்டுப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையின் கணக்கீட்டின்படி, பெரிய சூரிய மின் நிலையங்களின் சராசரி அலகுச் செலவு 2010 ஆம் ஆண்டு 40 அமெரிக்கச் சதங்களுக்கு மேல் இருந்து, 2024 ஆம் ஆண்டு சுமார் 4.3 சதங்களாகக் குறைந்தது. சூரிய மின்தகடுகளின் மொத்த உற்பத்தி இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் அவற்றின் விலை சுமார் 20 விழுக்காடு குறைகிறது என்பது சுவான்சன் விதி எனப்படுகிறது.

நிலக்கரியின் விலைக்கு இத்தகைய சரிவு இல்லை. 2022 ஆம் ஆண்டு உக்ரைன் போரை அடுத்துப் பன்னாட்டுச் சந்தையில் உயர்தர நிலக்கரியின் விலை டன்னுக்கு 400 டாலரைக் கடந்தது. அவ்வாண்டு இந்திய மின் சந்தையில் குறுகிய கால மின்சாரத்துக்கு அலகுக்கு 12 ரூபாய் என உச்ச வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று.

மின்வெட்டுக் காலமும் டீசலும்

தமிழ்நாட்டில் 2008 நவம்பர் முதல் உயரழுத்த மின் நுகர்வோருக்கு 40 விழுக்காடு வரை மின்வெட்டு விதிக்கப்பட்டது. இக்கட்டுப்பாடுகள் 2015 சூன் மாதம் வரை பல்வேறு அளவுகளில் நீடித்தன. அக்காலத்தில் தோல் ஆலைகளும் சுத்திகரிப்பு நிலையங்களும் டீசல் மின்னாக்கிகளை நம்பியிருந்தன.

டீசல் மின்னாக்கி ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 3.5 அலகுகள் வரை தருகிறது. டீசல் லிட்டர் 50 ரூபாய் எனில், எரிபொருள் செலவு மட்டும் அலகுக்கு 14 முதல் 17 ரூபாய் ஆகும். லிட்டர் 90 ரூபாய் எனில் அது 26 முதல் 30 ரூபாய் ஆகும். எனவே டீசலுடன் ஒப்பிடுகையில் எந்தப் புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் மலிவானதே. எனினும் டீசல் மின்னாக்கி வேண்டிய நேரத்தில் மின்சாரம் தருகிறது. ஆலைகள் அவ்விலையைக் கொடுத்தது மின்சாரத்துக்காக மட்டுமன்று. உருளைக்குள் பாதிப் பதத்தில் இருக்கும் தோல் கெடாமல் காப்பதற்காகவும் ஆகும்.

ஆலையின் மின்கட்டணப் பட்டியல்

ஏலத்தில் கிடைக்கும் விலை மின் நிலைய வாயிலில் உள்ள விலையாகும். ஆம்பூரில் உள்ள ஆலை செலுத்தும் விலை அதனினும் வேறானது. அதில் மின்செலுத்தம், பகிர்மானம், மின் இழப்பு, வரி, வீடுகளுக்கும் உழவுக்கும் தரப்படும் மானியத்தை ஈடுசெய்யும் பங்கு ஆகியவை அடங்குகின்றன.

தமிழ்நாட்டில் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்கான கட்டணம் 2022 செப்டம்பரில் அலகுக்கு 6.35 ரூபாயிலிருந்து 6.75 ரூபாயாகவும், 2024 சூலையில் 7.25 ரூபாயாகவும் உயர்ந்தது. 2022 ஆம் ஆண்டு ஆணையின்படி காலை, மாலை உச்ச நேரங்களில் 25 விழுக்காடு கூடுதல் கட்டணமும், இரவில் 5 விழுக்காடு தள்ளுபடியும் உண்டு. இதன்படி 2024 ஆம் ஆண்டுக் கட்டணத்தில் ஒரே அலகு மின்சாரத்தின் விலை நேரத்துக்கேற்ப மாறியது.

இரவு: சுமார் 6.89 ரூபாய்
பகல்: 7.25 ரூபாய்
காலை, மாலை உச்ச நேரம்: சுமார் 9.06 ரூபாய்

கூரைச் சூரிய மின்சாரம் முதன்மையாக, 2024 ஆம் ஆண்டுக் கட்டணத்தில் 7.25 ரூபாய் மதிப்பிருந்த பகல் மின்சாரத்தை ஈடுசெய்கிறது. மேலே கண்ட எடுத்துக்காட்டில் 14 விழுக்காடு வட்டியிலும்கூட இது ஆதாயம் தருவதே. பகலில் இயங்கும் காலணித் தொழிற்சாலைக்கு இது மிகப் பொருத்தமானது. ஆனால் மிகுந்த விலையுள்ள மாலை நேர மின்சாரத்தை மின்கலமின்றி ஈடுசெய்ய இயலாது. மேலும், உயரழுத்த நுகர்வோர் பயன்படுத்தும் அலகுகளுக்கான கட்டணத்துடன், உச்சத் தேவைக்கான மாதக் கட்டணத்தையும் தனியே செலுத்துகின்றனர். மாலையில் தேவை குறையாத ஆலைக்குச் சூரிய மின்தகட்டால் இத்தொகை குறைவதில்லை.

கூரைச் சூரிய மின்சாரத்துக்கு மின்தொடர்ப் பயன்பாட்டுக் கட்டணம் விதிக்கப்பட்டதைத் தொழில் அமைப்புகள் எதிர்த்தன. ஆலை தன் கூரையில் தானே ஆக்கிப் பயன்படுத்தும் மின்சாரத்துக்குக் கட்டணம் கூடாது என்பது அவற்றின் வாதம். இரவிலும் மழை நாளிலும் அதே ஆலைக்கு மின்சாரம் தர மின்கம்பியும் மின்மாற்றியும் எந்நேரமும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது எதிர்வாதம். 2023 ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு இக்கட்டணம் பாதியாகக் குறைக்கப்பட்டது.

இடமும் ஒரு தடையாகும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடிக் கூரை தேவை. 100 கிலோவாட்டுக்கு 10,000 சதுர அடி வேண்டும். அதிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1.45 இலட்சம் அலகுகள் கிடைக்கும். பழைய ஓட்டுக் கூரையும் கல்நார்த் தகட்டுக் கூரையும் வலுப்படுத்தப்பட்ட பின்னரே தகடுகளைத் தாங்கும்.

வெப்பத் தேவை

தோல் தொழிலின் ஆற்றல் தேவை முழுவதும் மின்சாரமன்று. சாயமேற்றுதலுக்கு வெந்நீரும், உலர்த்துதலுக்கும் ஆவியாக்கிகளுக்கும் நீராவி அல்லது வெப்பமும் வேண்டும். கொதிகலன்களில் பெரும்பாலும் விறகு அல்லது நிலக்கரி எரிக்கப்படுகிறது. சூரிய மின்தகடு தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக மாற்றுகிறது. சூரிய வெந்நீர்க் கலன் பாதி அளவை வெப்பமாக மாற்ற வல்லது. ஆகவே 50 அல்லது 60 பாகை வெந்நீர் மட்டும் தேவைப்படும் இடத்தில், மின்சாரத்தை ஆக்கி அதனால் நீரைச் சூடேற்றுவதைவிட நேரடியாகச் சூடேற்றுவது இடத்தை மிச்சப்படுத்தும்.

விலையில் சேராத செலவுகள்

நிலக்கரி மின்சாரத்தின் விலையில் சேராத செலவுகள் பல உள்ளன. ஓர் அலகு நிலக்கரி மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. எண்ணூர்ப் பகுதியில் அனல் மின் நிலையச் சாம்பல் கொசத்தலையாற்றின் கழிமுகத்தில் படிந்து மீனவர்களின் வாழ்வாதாரத்தைப் பாதித்தது. இச்செலவை மின்கட்டணம் செலுத்துபவர் ஏற்பதில்லை. ஆற்றங்கரையில் வாழ்பவரே ஏற்கிறார்.

1996 ஆம் ஆண்டுத் தீர்ப்பு பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளைக் குறித்துக் கூறிய கொள்கையும் இதுவே. தோலின் விலையில் சேராத செலவை அதில் சேர்க்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு. மின்சாரத்துக்கு இக்கொள்கை ஓரளவே பயன்படுத்தப்பட்டது. 2010 ஆம் ஆண்டு நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய்த் தூய ஆற்றல் தீர்வை விதிக்கப்பட்டு, 2016 ஆம் ஆண்டு 400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது ஓர் அலகுக்கு ஏறத்தாழ 28 காசு ஆகும். 2017 ஆம் ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது இது இழப்பீட்டுத் தீர்வையாக மாற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் இத்தீர்வை நீக்கப்பட்டு, நிலக்கரி மீதான வரி 5 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கும் விலையில் சேராத செலவுகள் உண்டு. காற்றும் வெயிலும் இல்லாத நேரத்துக்கு மாற்று நிலையங்களை ஆயத்தமாக வைத்திருத்தல், புதிய மின்தடங்கள், ஆயுள் முடிந்த தகடுகளை அகற்றுதல் ஆகியவை அவற்றுள் சில. தமிழ்நாட்டில் 2025 மார்ச்சு முடிவில் சுமார் 11,700 மெகாவாட்டுக் காற்றாலைத் திறனும், 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரிய மின் திறனும் இருந்தன. இவ்வளவு பெரிய பங்கு ஏறி இறங்கும்போது அதனை ஈடுசெய்வது மாநில மின்தொடரின் முதன்மைச் சிக்கல்களுள் ஒன்றாகும்.

மின்கலத்தின் பங்கு

சேமிப்பு மின்கலங்களின் விலையும் விரைவாகக் குறைந்துள்ளது. 2024 ஆம் ஆண்டு இந்திய சூரிய ஆற்றல் கழகம் நடத்திய ஏலங்களில், மின்கலத்துடன் இணைந்த சூரிய மின்சாரம் அலகுக்குச் சுமார் மூன்றரை ரூபாய்க்குக் கிடைத்தது. இம்மின்கலங்கள் மாலை உச்ச நேரத்தின் சில மணி நேரத்துக்குப் போதுமானவை. இரவு முழுவதும் இயங்கும் காற்றூதிகளுக்கு அவை மட்டும் போதா. மழைக்காலத்தில் தொடர்ந்து பல நாட்கள் வெயில் குறைந்தாலும் இதே நிலை ஏற்படும்.

மதிப்பீடு

புதிதாக நிறுவப்படும் நிலையங்களை மட்டும் ஒப்பிட்டால், சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் நிலக்கரி மின்சாரத்தைவிட மலிவானவை. நாள் முழுதும் தடையின்றி வழங்கப்படும் மின்சாரம் என்று ஒப்பிட்டால், வேறுபாடு குறுகுகிறது. தோல் தொழிற்பகுதியைப் பொறுத்தவரை, பகலில் இயங்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கு ஆதாயம் தெளிவானது. இரவும் பகலும் இயங்க வேண்டிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அது பகுதியளவே கிடைக்கிறது. சிறு ஆலைகளுக்கு அது கடனின் வட்டியைப் பொறுத்தது.

சுத்திகரிப்புச் செலவு குறையவேண்டிய தேவை தொடர்கிறது. 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு தொடர்பாக மீண்டும் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் அதனை மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலிக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்துள்ளன.

இவற்றையும் பார்க்க

பாலாறு
தோல் பதனிடுதல்
சூரிய மின்கலம்
தமிழ்நாடு மின்சார வாரியம்
நெய்வேலி
முப்பந்தல்